கேம் தியரி, அல்காரிதம் துறையில் கைடு தேடுகிறேன்: எச்-இண்டெக்ஸ் 6 உள்ளவரா, 28 உள்ளவரா?

காட்பாடிக்காரர், எம்.எஸ்சி. கணிதம் முடித்தாயிற்று, கேம் தியரியும் (அவரவர் தன் லாபம் பார்த்து முடிவெடுப்பதைப் பற்றிய கணிதம்) அல்காரிதமும் சேரும் இடத்தில் பிஎச்.டி. பண்ண வேண்டும் என்கிறீர்கள். 28ஐப் பார்த்ததும் அந்தப் பக்கம் ஓடிவிடாதீர்கள்.

முதலில் எச்-இண்டெக்ஸைக் கையால் போட்டுப் பாருங்கள்: குறைந்தது எச் சைட்டேஷன் (பிறர் பேப்பரில் மேற்கோள்) வாங்கிய பேப்பர் எச் இருந்தால், அந்த மிகப் பெரிய எச்தான் அது. கூகுள் ஸ்காலர் பக்கத்தில் ஒருவருடைய பேப்பர்களுக்கு சைட்டேஷன் 41, 22, 15, 9, 6, 6, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். ஆறாவது பேப்பருக்கு 6 இருக்கிறது, ஏழாவதற்கு 7 இல்லை. ஆக எச் 6. பத்தும் அதற்கு மேலும் வாங்கியவை மூன்று, ஐ10-இண்டெக்ஸ் 3. இதில் 9 வாங்கியது கான்ஃபரன்ஸ் வடிவம், 6 வாங்கியதில் ஒன்று அதன் ஜர்னல் வடிவம் என்றால்? இரண்டையும் சேர்த்தே மேற்கோள் காட்டியவை 4 பேப்பர் எனில், மெர்ஜ் செய்தபின் 9 + 6 − 4 = 11. எச் 5க்கு இறங்கும், ஐ10 நான்குக்கு ஏறும். ஆளும் அதே ஆள், வேலையும் அதே வேலை.

இந்தக் குழப்பம் இந்தத் துறையில் சகஜம். ஒரே ரிசல்ட் ஆர்க்கைவ் (பேப்பரை முன்கூட்டியே இலவசமாகப் போடும் arXiv தளம்), கான்ஃபரன்ஸ், ஜர்னல் என்று மூன்று முறை வரும். மதிப்பு பெரும்பாலும் கான்ஃபரன்ஸுக்குத்தான்: ஸ்டாக் (STOC), ஃபாக்ஸ் (FOCS), சோடா (SODA), பொருளாதாரமும் கணினியியலும் சேரும் ஈசி (EC), நம் நாட்டில் எஃப்எஸ்டிடிசிஎஸ் (FSTTCS). ஜர்னல் ஆற அமர வரும். உதாரணத்துக்கு, வேலூர் கிரீன் சர்க்கிள் சந்திப்பில் அவரவர் தனக்குச் சுருக்கமான வழியையே பிடித்தால் ஊருக்கு மொத்தம் எவ்வளவு நேரம் வீணாகும்? தாமதம் நெரிசலோடு நேர்கோட்டில் கூடினால் மொத்த நேரம், எல்லாரையும் திட்டமிட்டு அனுப்பினால் ஆகும் குறைந்தபட்ச நேரத்தைப் போல அதிகபட்சம் 4/3 மடங்கு என்று ரஃப்கார்டனும் டார்டோஷும் காட்டியது 2000ல் ஃபாக்ஸில், ஜர்னலில் 2002ல். இந்த ஆராய்ச்சிக்கே பிள்ளையார் சுழி போட்ட கூட்சூபியாஸ், பாபாடிமிட்ரியூ பேப்பர் 1999 கான்ஃபரன்ஸ். ஜர்னலுக்கு வந்தது 2009ல். இரண்டுக்கும் 2012ல் கணினிக் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு. ஆகவே ‘ஜர்னல் கம்மி’ என்று யாரையும் தள்ளாதீர்கள். ஈசி தொகுப்பில் ஒரே பக்கம்தான் இருக்கிறதே என்றும் ஏமாறக்கூடாது. பொருளாதார ஜர்னலுக்கு அனுப்ப நினைப்பவர்கள் அங்கே சுருக்கம் மட்டும் போடலாம். முழுப் பேப்பர் ஆர்க்கைவில் இருக்கும்.

இந்தத் துறைப் பேப்பரில் ஆத்தர் பெயர் வரிசை அகர வரிசை. முதல் ஆத்தர் எத்தனை என்று எண்ணுவது இங்கே வீண்வேலை.

நம் ஊர் இனிஷியல் இன்னொரு தலைவலி. கே. செந்தில்குமார், செந்தில் குமார் கே., பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்த வடிவம் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகச் சிதறுவார். அல்லது மூன்று செந்தில்குமார்கள் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிடுவார்கள். ஸ்காலர் தானாகவே சேர்த்ததைச் சொந்தக்காரர் கவனிக்காமல் விட்டிருந்தால் கேம் தியரிக்காரர் பக்கத்தில் தோல் பதனிடும் ரசாயனப் பேப்பர் நிற்கும். 28 அப்படி வந்ததா என்று பாருங்கள். கணினியியல் பேப்பர்களைப் பட்டியலிடும் டிபிஎல்பி (DBLP) தளத்தில் ஒரே பெயர்க்காரர்களை நான்கு இலக்க எண் போட்டுப் பிரித்திருப்பார்கள். ஆராய்ச்சியாளருக்கு ஆளுக்கு ஒன்றாகத் தரப்படும் 16 இலக்க ஆர்சிட் (ORCID) எண் இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு அவருடைய பேப்பர் மூன்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘சைட்டட் பை’ அழுத்திப் பத்து பேப்பரைத் திறங்கள். முன்னுரையில் பதினைந்து பேப்பரை ஒரே அடைப்புக்குறிக்குள் அடைத்த சைட்டேஷனா, அல்லது ‘இவருடைய லெம்மாவைக் (துணைத் தேற்றம்) கொண்டு’ என்று நிரூபணத்துக்குள் வருவதா? இரண்டாவது வகை நாலு இருந்தாலே கனம். ஸ்காலர் சுயமேற்கோளையும் எண்ணும். ஸ்கோபஸ் என்ற சைட்டேஷன் தளத்தில் அதைக் கழித்துப் பார்க்க வழி உண்டு. தலைப்பில் ‘கேம் தியரி’ இருந்து, உள்ளே சமநிலை (யாருக்கும் தனியாக மாறினால் லாபமில்லாத நிலை) இருக்கிறது என்பதற்கு நிரூபணமே இல்லாமல் வெறும் சிமுலேஷன் படமாக இருந்தால், அது நீங்கள் தேடும் துறையே அல்ல.

சேர்வதற்கு முன் பல்கலைக்கழக விதியையும் கேட்டுவிடுங்கள். தீசிஸ் சமர்ப்பிக்க ஜர்னல் பேப்பர்தான் கணக்கு என்றால், நல்ல கான்ஃபரன்ஸ் பேப்பர் கையில் இருந்தும் ஜர்னல் ரெஃப்ரி (பேப்பரை மதிப்பிடுபவர்) பதிலுக்காக ஒன்றிரண்டு வருஷம் காத்துக் கிடக்க நேரும்.

கடைசியாக, அந்த இருவரிடமும் பிஎச்.டி. முடித்தவர்களின் பெயரை டிபிஎல்பியில் போடுங்கள். கைடு பெயர் இல்லாமல் அவர்கள் எழுதிய பேப்பர் எத்தனை, எங்கே வந்தது என்று பாருங்கள்.