வெள்ளை தனி, கலர் தனி

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் வேஸ்ட் (துணி வெட்டும்போது விழும் துண்டுகள்) வாங்கி விற்பது எங்கள் தொழில். போன மாதம் கோவையில் ஒரு கலைக் கண்காட்சிக்கு அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். ஒரு அறை முழுக்கக் கட்டிங் வேஸ்ட்டைக் குவித்து, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். 'நகரம் துப்பிய எச்சம்' என்று சுவரில் எழுதியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, வெள்ளையையும் கலரையும் இப்படிக் கலந்து போட்டா வெல போகுமா?" என்று கயிற்றுக்கு மேலே கையை நீட்டிப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். காவலுக்கு நின்ற பையன் ஓடி வந்து தடுத்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் குடோனில் தினமும் கிடப்பதுதானுங்களே, இதில் கலை எங்கே இருக்கிறது?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

அந்த அறையில் நடந்த ஒரே நல்ல காரியம் உங்கள் அம்மா கையை நீட்டியதுதான் என்று எனக்குப் படுகிறது.

குடோனில் கிடப்பது கலையாகாது என்று சொல்ல மாட்டேன். இத்தாலியில் மிக்கேலாஞ்சலோ பிஸ்தொலெத்தோ என்ற கலைஞர் 1967-இல் ஒரு வீனஸ் சிலையை, பழந்துணிக் குவியலைப் பார்த்தபடி நிறுத்தினார். தன் கண்ணாடிப் படைப்புகளைத் துடைக்க அவர் வைத்திருந்த துணிகளிலிருந்து வந்த யோசனை அது. நம் ஒர்க்‌ஷாப்களில் கிரீஸ் கையைத் துடைக்கக் கிடக்குமே, அந்த இனம்.

பெய்ஜிங்கில் சோங் டோங் 2005-இல் செய்தது உங்கள் கதைக்கு இன்னும் பக்கம். பற்றாக்குறைக் காலப் பழக்கத்தில் அவருடைய அம்மா எதையும் வீசாமல் சேர்த்த சோப்பு, பற்பசைக் குழாய், பாட்டில் மூடி, துணி என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாமான்களை வகை பிரித்துத் தரையில் பரப்பினார். கணவரை இழந்து ஒடுங்கிப்போயிருந்த அந்த அம்மாவும் கூட உட்கார்ந்து அடுக்கினார்.

கோவையில் செய்தவருக்குத் துணி தெரிகிறது, வேஸ்ட் தெரியவில்லை. இல்லாவிட்டால் 'எச்சம்' என்பாரா? உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கட்டிங் டேபிளில் விழும் துண்டு கலர்வாரியாகப் பிரிந்து, மெஷினில் பஞ்சாக உடைந்து, ஓஇ எனப்படும் ஓப்பன்-எண்ட் நூற்பு மில்லில் திரும்பவும் நூலாகிறது. சுத்தமாகப் பிரித்திருந்தால் அந்த நூலுக்குச் சாயமே போட வேண்டாம். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. அங்கே தரையில் உட்கார்ந்து துண்டு பிரிக்கும் பெண்களின் கண்ணுக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். (நானும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். கறுப்பு எது, நேவி புளூ எது என்று தெரியாமல் கால் மணி நேரத்தில் எழுந்துவிட்டேன்.)

அதனால்தான் அந்தக் கயிறு எனக்கு உறுத்துகிறது. கயிற்றை அவிழ்த்துவிட்டு, பக்கத்தில் நாலு காலிச் சாக்கு வைத்திருந்தால் போதும். வருகிறவர்கள் தாமாகவே பிரிக்க உட்கார்ந்திருப்பார்கள். பத்தாவது நிமிடம் அம்மாவிடம் திட்டும் வாங்கியிருப்பார்கள்.