எண்ணெய், எரிவாயு நிலையங்களில் விதிகள் இத்தனை இருந்தும் விபத்துகள் ஏன் தொடர்கின்றன?

தலைக்கவசமும் பயிற்சியும் குறைவாக இருப்பதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் கருத்தில், இத்துறையின் பெரிய விபத்துகளுக்கு அவை முதன்மைக் காரணம் அல்ல. ஒருவர் அறிந்திருந்த ஆபத்து அடுத்தவருக்குச் சொல்லப்படாமல் போவதே ஆழமான சிக்கல்.

ஸ்காட்லாந்துக்கு அருகே வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய், எரிவாயு உற்பத்தி மேடையில் 1988 ஜூலை 6 அன்று நடந்ததைப் பாருங்கள். பகலில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியவர்கள், வேலை முடியாததால் குழாயின் திறந்த வாயைத் தற்காலிகத் தகட்டால் மூடிவிட்டுச் சென்றனர். இரவு ஷிப்டில் மற்றொரு பம்ப் நின்றுபோகவே, வால்வு கழற்றப்பட்டிருப்பதை அறியாத பணியாளர்கள் இந்தப் பம்பை இயக்கினர். தகட்டின் வழியே கசிந்த வாயு வெடித்தது. பம்புக்கு ஒரு பணி அனுமதிச் சீட்டும் (எந்த வேலை நடக்கிறது என்பதைக் குறித்து அனுமதிக்கும் ஆவணம்) வால்வுக்குத் தனியாக வேறொரு சீட்டும் இருந்தன என்பதும், இரண்டாவது சீட்டின் செய்தி இரவுப் பணியாளர்களைச் சென்றடையவே இல்லை என்பதும் என்னை இன்றும் கலங்க வைக்கின்றன. அருகிலிருந்த மேடைகள் தீயைக் கண்ட பின்னும் உடனே உற்பத்தியை நிறுத்தாததால் நெருப்புக்கு எரிபொருள் கிடைத்துக்கொண்டே இருந்தது. 167 பேர் இறந்தனர். ஸ்காட்லாந்து நீதிபதி லார்ட் கல்லன் தலைமையிலான விசாரணை 1990இல் 106 பரிந்துரைகளை அளித்தது.

ஆகவே, ஷிப்ட் மாறும்போது பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு நிறுத்தாமல், விடுபவரும் பொறுப்பேற்பவரும் சேர்ந்து களத்துக்குச் சென்று, திறந்து கிடக்கும் ஒவ்வொரு குழாயையும் பூட்டப்பட்ட ஒவ்வொரு வால்வையும் நேரில் பார்க்க வேண்டும் என்பதை நான் உறுதியாக வலியுறுத்துவேன். அதற்கான நேரத்தைப் பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்குவது நிர்வாகத்தின் கடமை.

ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு விஷயத்தில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. அதன் அழுகிய முட்டை நாற்றம் குறைந்த அளவிலேயே தெரிந்துவிடும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கை எட்டும்போது அது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. நாற்றம் நின்றுவிட்டதால் வாயு விலகிவிட்டது என்று எண்ணி உள்ளே செல்பவரும், அவரைக் காப்பாற்றச் சுவாசக் கருவியின்றி ஓடுபவரும் அடுத்தடுத்து உயிரிழக்கின்றனர்.

ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். 2005இல் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி என்ற ஊரில் நடந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பில் இறந்த 15 பேரும் அவர்களே. ஆபத்தான அலகுக்கு அருகே நிறுத்தப்பட்டிருந்த தற்காலிக அலுவலகக் கூடங்களிலும் அவற்றின் அருகிலும் அவர்கள் இருந்தனர். ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் உரிமை அனைவருக்கும் உண்டு என்று அறிவிப்பதோடு, நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.