கருமணலும் கல்யாண அரிசியும்

அன்புள்ள ஐயா,

போன ஆவணியில் பிள்ளைகளோடு மணவாளக்குறிச்சி கடற்கரைக்குப் போயிருந்தோம். தையில் வெளிறிக் கிடந்த அதே கரை, தார் ஊற்றியதுபோல் கறுத்திருந்தது. கப்பல் எண்ணெயோ என்று பயந்து பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. கன்னியாகுமரியில் மணல் பொட்டலம் விற்ற அம்மா, "அம்மன் கல்யாணம் நின்னுபோச்சு, அந்த அரிசிதான் மணலாச்சு" என்றார். கதை இருக்கட்டும், கறுப்பு எங்கிருந்து வந்தது? தையில் ஏன் இல்லை?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பார்த்தது மலையிலிருந்து வந்த மணல். குமரி மாவட்டத்து மலைகளில் சார்னோகைட், கோண்டலைட் என்ற பாறைகள் உண்டு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. வெயிலும் மழையும் அவற்றை மெல்ல மெல்ல அரிக்கும்போது மென்மையான பகுதி களிமண்ணாகிவிடும். கெட்டியான மணிகள் தப்பிக்கும்: வெள்ளைக் குவார்ட்ஸ், சிவப்புக் கார்னெட், கறுப்பு இல்மனைட், மஞ்சள் மோனசைட். வள்ளியாறும் குழித்துறையாறும் காலங்காலமாக இவற்றைக் கடலுக்குக் கொண்டுவந்தன.

பிறகு கடல் சுளகை எடுக்கிறது. குவார்ட்ஸ் தண்ணீரைப்போல் 2.65 மடங்கு கனம். இல்மனைட் ஏறக்குறைய 4.7 மடங்கு. தென்மேற்குப் பருவக்காற்றில் ஆனி, ஆடி அலைகள் கரையை அறையும்போது லேசான வெள்ளை மணல் கடலுக்குள் போய்விடும், கனத்தது தங்கிவிடும். காற்று அடங்கியபின் சிற்றலைகள் வெள்ளை மணலைத் திரும்பக் கொண்டுவந்து மூடும். உங்கள் தையும் ஆவணியும் அதுதான். வெளுத்த கரையிலும் முழங்கை ஆழம் தோண்டினால் கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வரி வரியாகத் தெரிவதுண்டு. ஒவ்வொரு கறுப்பு வரியும் கடல் சீறிய ஒரு காலம். அந்தப் பக்கம் போனால் நான் தோண்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை.

ஒரு சிரட்டையில் கைப்பிடி மணலும் தண்ணீரும் எடுத்துச் சுழற்றுங்கள். வெளுப்பு மேலேறி வழியும், அடியில் கறுப்பு மின்னும். பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிடுங்கள். இந்த மணலின் மதிப்பு வெளியே தெரிந்ததும் தற்செயலாகத்தான். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அன்றைய வாயு விளக்கில் சுடர்மேல் ஒளிரும் வலைக்கு, அதாவது மேண்டிலுக்கு, வேண்டிய தோரியம் என்ற உலோகம் அதில் இருந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கரை என்பது நின்றுவிட்ட மணல் இல்லை. ஆற்றிலிருந்து வந்துகொண்டும், அலையோடு கரையோரமாக நகர்ந்துகொண்டும் இருப்பது. அணை மணலைப் பிடித்து வைக்கிறது; ஆற்றில் அள்ளுவது மிச்சத்தையும் குறைக்கிறது. கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் கொட்டும் தூண்டில் வளைவு போட்டால் ஒருபக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். வீடு கடலில் போகும்போது கல் கேட்கும் மீனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஓர் ஊருக்குக் கல் கொட்டும்போதே அடுத்த ஊரின் மணல் கணக்கையும் பார்த்தாக வேண்டும். அதைச் செய்யாமல் போடுவது பக்கத்து ஊருக்குச் செய்யும் அநியாயம்.

பொட்டலம் விற்ற அம்மா சொன்ன அரிசியை நான் தள்ளமாட்டேன். கொழித்து எடுத்தது என்ற வரையில் அவர் சொன்னது சரி.

அடுத்த ஆவணியிலும் போங்கள். கறுப்பு மணலில் பிள்ளைகள் விளையாடட்டும். ஆனால் அந்த மாதங்களில் அங்கே இழுப்பு அதிகம். தண்ணீரில் இறக்காமல் இருந்தீர்களே, அது நல்லதாகப் போயிற்று.