வாங்குமுன் கேளுங்கள்: கொன்சர்ட்டினா

கொன்சர்ட்டினா பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு முன்பு சுருக்கமாகப் பதில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து கேள்வி வந்தபடியே இருக்கிறது. ஆறு மூலைப் பெட்டி, நடுவில் துருத்தி, இரண்டு பக்கமும் பட்டன்: அதுதான் சாமான். இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: மகள் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். வீடியோ பார்த்துப் பார்த்து கொன்சர்ட்டினாதான் வேணும் என்று நிற்கிறாள். இணையக் கடையில் 20 பட்டன் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. 30 பட்டன் என்றால் விலை எங்கேயோ போகிறது. சின்ன வயதிலிருந்து கர்நாடக வாய்ப்பாட்டும் படிக்கிறாள். எதை வாங்கலாம்? (கல்லடி)

பதில்: மலிவான 20 பட்டன் பெட்டியை வாங்காதீர்கள். காசு மிச்சம் என்று நினைப்பீர்கள், ஆறு மாதத்தில் அது அலுமாரிக்கு மேலே ஏறிவிடும். காரணத்தைச் சொல்கிறேன்.

கொன்சர்ட்டினாவில் பெரிய பிரிவு இரண்டு. முதலாவது ஆங்கிலோ வகை. ஜேர்மனியில் கெம்னிட்ஸ் நகரத்தில் கார்ல் உலிக் 1834இல் செய்த பெட்டியின் வழி வந்தது. ஒரே பட்டனைத் தள்ளும்போது ஒரு சுரம், இழுக்கும்போது வேறொரு சுரம். மவுத் ஓகனில் ஊதும்போதும் உறிஞ்சும்போதும் சுரம் மாறுமே, அதே முறைதான். வீட்டில் யாராவது மவுத் ஓகன் வாசிப்பவர் இருந்தால் இந்த வகை சீக்கிரம் பிடிபடும். மற்றது இங்கிலிஷ் வகை, லண்டனில் சார்ல்ஸ் வீட்ஸ்டன் உருவாக்கியது. அதில் தள்ளினாலும் இழுத்தாலும் சுரம் ஒன்றே. ஆனால் ச இடக்கையில் என்றால் ரி வலக்கையில், க திரும்ப இடக்கையில் என்று சுரங்கள் கைமாறிக் கைமாறிப் போகும். டுவெட் என்று மூன்றாவது வகையும் உண்டு, தொடங்குகிறவருக்கு அது இப்போது தேவையில்லை.

மலிவில் கிடைக்கும் 20 பட்டன் பெட்டி எல்லாம் ஆங்கிலோ வகை, மேற்கத்திய சுரப் பெயரில் சீ வரிசை ஒன்று, ஜீ வரிசை ஒன்று. அதில் மொத்தம் எட்டுச் சுரத்தானங்கள்தான் உண்டு. சீயை ஆதார சட்சமாக வைத்தால் சங்கராபரணம் வரும், கல்யாணி வரும், மோகனமும் வரும். டீயில் ச வைத்தால் கரகரப்பிரியா, ஈயில் வைத்தால் தோடியின் சுரங்கள் கூடக் கிடைக்கும். மாயாமாளவகௌளை மட்டும் எங்கே ச வைத்தாலும் வராது. நம் பிள்ளைகள் சரளி வரிசை தொடங்குவதே அந்த இராகத்தில்தானே! மகள் முதல் நாளே தனக்குத் தெரிந்ததை வாசிக்கப் பார்ப்பாள், சீயில் ச வைத்தால் அதற்கு வேண்டிய சுத்த ரிஷபம் பெட்டியில் இருக்காது. அவளுக்குத் தன்னில் பிழை என்று தோன்றும். பிழை பெட்டியில்.

இது தவிர, மலிவான பெட்டியில் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். துருத்தி விறைப்பாக இருக்கும், ஒரு வரி வாசிக்கிறதுக்குள் தோள் நோகும். பழகுகிறவருக்குக் கருவி கொஞ்சம் மட்டமாக இருந்தால் பரவாயில்லை என்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. கை பழகினவர் மட்டமான பெட்டியையும் சமாளிப்பார், புதியவரால்தான் முடியாது.

30 பட்டன் ஆங்கிலோவில் மூன்றாவது வரிசையில் மற்றச் சுரங்களும் இருக்கும். அவற்றிலும் சில தள்ளும்போது மட்டும், சில இழுக்கும்போது மட்டும் கிடைக்கும் என்பதால் காற்றைக் கணக்குப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். தொடங்குகிறவர்களுக்கென்றே செய்யப்படும் ரொஷெல் என்ற 30 பட்டன் ஆங்கிலோவும் ஜாக்கி என்ற இங்கிலிஷ் வகையும் சில நூறு டொலர் விலைக்காரர்கள். கையால் செய்த நல்ல கருவி ஆயிரக்கணக்கில். வாய்ப்பாட்டு படித்தவள் என்பதால் நான் இங்கிலிஷ் வகைப் பக்கம் சாய்வேன். இழுப்புக்கும் தள்ளுக்கும் சுரம் மாறாதபடியால் பாட்டின் மூச்சோடு ஒத்துப்போகும்.

ஒன்றை மகளிடம் முதலே சொல்லிவிடுங்கள். இதில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, வராது. ஆர்மோனியத்துக்கும் இதே குறைதான். அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று, 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. கமகம் இல்லாமல் முடியாது என்றால் வயலின் வாங்கிக் கொடுங்கள். பெட்டியின் சத்தத்திலேதான் ஆசை என்றால் காசு சேரும்வரை பொறுத்து நல்லதை வாங்குங்கள்.

கேள்வி: கொழும்பில் ஒருவர் பழைய கொன்சர்ட்டினா விற்கிறார். நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும்? (கல்முனை)

பதில்: வாசிக்கத் தெரியாவிட்டாலும் காற்று போகிறதா என்று பார்க்கலாம். பெட்டியை மூடி வைத்து, ஒரு பக்கத்தைப் பிடித்து மற்றப் பக்கத்தைக் கீழே தொங்கவிடுங்கள். எந்தப் பட்டனையும் தொடக் கூடாது. மெல்ல மெல்லத் திறந்தால் துருத்தி நல்லது. தொபுக்கென்று விழுந்தால் எங்கோ ஓட்டை, அதை அடைக்கிற செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, ஒவ்வொரு பட்டனையும் தள்ளியும் இழுத்தும் அமுக்குங்கள். ஒன்றையும் விடாதீர்கள், விற்கிறவர் அலுத்துக்கொண்டாலும் சரி. ஊமையாக இருப்பது, கர்ரென்று நடுங்குவது, விரலை எடுத்த பிறகும் முனகிக்கொண்டிருப்பது எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நடுங்கினால் பயமில்லை, பல தடவை றீட்டில், அதாவது காற்றில் அதிர்ந்து சத்தம் தரும் உலோக நாக்கில், தூசி இருக்கும். பத்துப் பதினைந்து என்றால் வேண்டாம்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. கைபேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றைத் தரவிறக்கி ஏ சுரத்தைச் சோதியுங்கள். இன்றைய அளவு 440 ஹேர்ட்ஸ். விக்டோரியா காலத்துப் பெட்டிகள் பலவும் 452 அளவுக்கு ஏற்றிச் சுருதி சேர்க்கப்பட்டவை. தனியே வாசித்தால் இனிமைதான், கீபோர்டோடு சேர்ந்தால் காது கூசும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு றீட்டையும் அராவ வேண்டும். கருவி கெட்டதல்ல, ஆனால் கோவில் பஜனைக்கோ தேவாலயப் பாட்டுக்கோ கொண்டுபோக நினைத்தால் உதவாது.

முடிந்தால் ஒரு பக்கத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆறு திருகாணிதான். உள்ளே துருவும் பூஞ்சண வாசமும் இருந்தால் மெல்ல எழும்பி வந்துவிடுங்கள். "திறந்தால் பழுதாகிவிடும்" என்கிற ஆளிடம் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: முகநூலில் 30 பட்டன் என்று படம் போட்டிருந்தார்கள். முன்பணம் முழுக்கக் கட்டினேன். வந்தது 20 பட்டன் பெட்டி. கேட்டால் "விற்ற சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். (களுவாஞ்சிகுடி)

பதில்: அவர்கள் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருக்காதீர்கள். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலிருந்தே இருக்கிற விதி. உங்களுக்கு வந்தது பழுதான பொருள் அல்ல, வேறு பொருள்.

அந்த விளம்பரம் இன்னும் இருந்தால் இப்போதே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். பணம் கட்டிய சிட்டை, பேசிய செய்திகள், பார்சலில் ஒட்டியிருந்த தாள் எல்லாம் ஒரு கோவையில் போகட்டும். அப்புறம் ஒரு எழுத்துச் செய்தி அனுப்புங்கள்: இன்ன திகதிக்குள் 30 பட்டன் பெட்டி அல்லது பணம். திட்ட வேண்டாம். திட்டினால் உங்களை முடக்கிவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களுக்கு அது வசதி. பதில் இல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லி, எழுத்திலும் முறைப்பாடு கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் சபை அது. நாட்களைக் கடத்தாமல் போவது நல்லது.

விற்றவர் வெளிநாட்டில் என்றால் இந்த வழி உதவாது. வாங்கிய தளத்தின் முறைப்பாட்டுப் பகுதி, அட்டையில் கட்டியிருந்தால் வங்கி, இந்த இரண்டும்தான். இனி வெளிநாட்டிலிருந்து எடுக்கிற மற்றவர்களுக்கும் ஒரு சொல்: சுங்கத்தில் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்புசெலவையும் காப்புறுதியையும் கூட்டித்தான் வரி பார்ப்பார்கள். வாட் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். மலிவு என்று நினைத்த பெட்டி தபாற்கந்தோருக்கு வந்து சேரும்போது வேறு விலையில் நிற்கும்.

கேள்வி: எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. மாரியில் சில பட்டன் சத்தம் போடாது, கோடையில் அதே பட்டன்கள் நடுங்கும். பெட்டி பழுதா? (டச்பார்)

பதில்: பழுதில்லை, மரம் வேலை செய்கிறது. பழைய முறையில் செய்த பெட்டியில் ஒவ்வொரு றீட்டும் மரப் பலகையில் வெட்டிய காடியில் இறுக்கிச் செருகப்பட்டிருக்கும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மழையும் வந்தால் மரம் ஊதி றீட்டை நெரிக்கும், சத்தம் நிற்கும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது மரம் சுருங்கி றீட் தளரும், நடுங்கும். இங்கிலாந்தில் செய்த பெட்டி நம் கச்சானைக் கண்டதில்லையே.

கச்சான் காலத்தில் தளர்ந்த றீட்டின் ஓரத்தில் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றைச் செருகினால் போதும். மாரியில் எதையும் கழற்றிச் சுரண்டாதீர்கள். அப்போது சுரண்டினால் கச்சானில் றீட் கழன்று விழும். மாரி மாதங்களில் பெட்டியை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு வையுங்கள், கோடையில் அந்தப் பொதிகளை எடுத்துவிடுங்கள். றீட் உருக்கு என்றால் கடற்காற்றில் துரு பிடிக்கும், ஆகவே வாசித்து முடிந்ததும் திறந்தபடி யன்னலடியில் வைக்கக் கூடாது. எண்ணெய் ஒருபோதும் வேண்டாம், ஒரு துளியும். புதிய மலிவுப் பெட்டிகளில் றீட்டை மெழுகால் ஒட்டியிருப்பார்கள். தகரக் கூரைக்குக் கீழேயோ வெயிலில் நிற்கும் வாகனத்திலோ விட்டால் மெழுகு இளகிவிடும்.

துருத்தியின் தோல் கிழிந்தால் கொழும்புக்கு ஓட வேண்டாம். மட்டக்களப்புப் பறங்கியர் சமூகம் தச்சுக்கும் கொல்லு வேலைக்கும் சப்பாத்து வேலைக்கும் பேர்போனது, வயலினும் கையுமாகக் கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையை வாசித்து வந்த சமூகமும் கூட. தோல் வேலை தெரிந்த கைகாரர் ஒருவரிடம் துருத்தியை மட்டும் காட்டுங்கள். மெல்லிய தோல் வேணும் என்று சொல்லுங்கள், சப்பாத்துத் தோல் வைத்தால் மடியாது. திருகாணிகளைக் கழற்றும்போது எது எந்த ஓட்டையில் இருந்தது என்று அட்டையில் குத்தி வைத்து, அதே ஓட்டையில் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: சத்தத்தைக் குறைக்க ஏதாவது வாங்க முடியுமா? பக்கத்து வீட்டு அம்மம்மா "மனே, கொஞ்சம் நிப்பாட்டு, மறுகா வாசிக்கலாம்" என்கிறா. (வாழைச்சேனை)

பதில்: இதற்கென்று விற்கும் எதையும் வாங்க வேண்டாம். பக்கத் தகட்டின் உட்புறம் மெல்லிய தோலோ கம்பளித் துணியோ வைத்தால் கூர்மை கொஞ்சம் அடங்கும். பட்டன்களில் முட்டக் கூடாது. அம்மம்மாவுக்கு உண்மையில் கரைச்சல் சத்தமாக இருக்காது, ஒரே வரியில் திரும்பத் திரும்பத் தடுக்கி விழுவதுதான். அந்தக் கஷ்டமான நாலு சுரத்தை மதியத்தில் பழகுங்கள், மாலையில் முழுசாகத் தெரிந்த பாட்டை வாசியுங்கள். கரண்ட் போன இரவில் கீபோர்டுக்காரர் எல்லாம் கைகட்டி இருக்க, உங்கள் பெட்டி மட்டும் பாடும். 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு இரவில் அம்மம்மாவே கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு வருவா.

கேள்வி: அப்பப்பாவின் பெட்டகத்தில் ஒரு கொன்சர்ட்டினா இருக்கிறது. ஒருவர் கேட்கிறார், விலை சொல்லத் தெரியவில்லை. (திருக்கோவில்)

பதில்: அவசரப்பட்டு விற்காதீர்கள். பக்கத் தகட்டில் ஒரு நீள்வட்டத் துளையில் செய்தவர் பெயரோ இலக்கமோ இருக்கும். வீட்ஸ்டன், லஷனால், ஜெஃப்ரீஸ் என்ற பெயர்களில் ஒன்று கண்ணில் பட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். வீட்ஸ்டன் கம்பனியின் பழைய விற்பனைப் பேரேடுகள் லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, அவற்றின் பக்கங்களை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இலக்கம் தெரிந்தால் எந்த ஆண்டுப் பெட்டி என்று அதில் தேடலாம். கேட்கிறவரிடம் "என்ன பெயர் போட்டிருக்கு?" என்று நீங்கள் கேட்காதீர்கள், நீங்களே டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: பழக்க ஆசிரியர் வேண்டும். எவ்வளவு கட்டணம் கொடுக்கலாம்? (செங்கலடி)

பதில்: கொன்சர்ட்டினாவுக்கென்றே ஆளைத் தேடி அலைய வேண்டாம். ஆர்மோனியம் சொல்லித்தருகிற ஒருவரிடம் போங்கள், சுரமும் தாளமும் அவரிடம் படிக்கலாம். எந்த விரலுக்கு எந்தப் பட்டன் என்பதை வீடியோ பார்த்துப் பழகலாம். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இசை படிக்கிற மாணவர்கள் சிலர் வீட்டு வகுப்பும் எடுப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். ஒரு மாதக் கட்டணத்துக்கு மேல் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.