ஸ்டென்ட் வைத்தாயிற்று, இன்னும் ஏன் ஸ்கேன்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 73. வயிற்றுப் பெருந்தமனி 5.8 செ.மீ. வீங்கியிருந்ததால், இரண்டு வருடங்களுக்கு முன் டர்பனில் தொடை வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தார்கள். இந்த வருட சி.டி. ரிப்போர்ட்டில் 'இரண்டாம் வகைக் கசிவு, அளவில் மாற்றமில்லை' என்று இருக்கிறது. டாக்டர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். விடலாமா? சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல் என்பதால், சி.டி. எடுக்க ஊசியில் ஏற்றும் டை என்றாலே அப்பாவுக்குப் பயம். சீக்கிரமே ஜோகன்னஸ்பர்க்கில் அண்ணனோடு இருக்கப் போகிறார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கவும் ஆசை.
— ஒரு மகள், சாட்ஸ்வொர்த்

பதில்: கசிவு என்றதும் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது என்று பயப்படாதீர்கள் அம்மா. வீங்கிய தமனிக்குள் ஒரு துணிக்குழாய் வைத்திருக்கிறார்கள். ரத்தம் அதற்குள்தான் ஓட வேண்டும். அதற்கும் பழைய வீக்கத்தின் சுவருக்கும் நடுவே ரத்தம் புகுந்தால் அதுதான் கசிவு. அப்பாவுக்குச் சின்னக் கிளைக்குழாய்கள் வழியாகப் பின்னோக்கி வருகிறது, இதுதான் இரண்டாம் வகை. பலருக்கு இது தானாகவே அடைபட்டுவிடும். கிராஃப்டின் முனை சரியாக ஒட்டாத முதல் வகையும், இணைப்பு கழன்ற அல்லது துணி கிழிந்த மூன்றாம் வகையும் வேறு கதை. அவற்றைத் தள்ளிப்போடவே கூடாது.

ஆகவே பொறுக்கலாம், ஸ்கேனைத் தவறவிடாமல். ஸ்டென்ட் வைக்கும் முறையை வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷனோடு ஒப்பிட்ட பிரிட்டனின் ஈவார்-1 ஆய்வின் 15 வருட முடிவு 2016-இல் வந்தது. ஆரம்பத்தில் ஸ்டென்ட்டுக்கு இருந்த அனுகூலம் போகப்போகக் கரைந்து, 8 வருடங்களுக்குப் பிறகு ஸ்டென்ட் வைத்தவர்களிடம்தான் இறப்பு கூடியிருந்தது. பழைய வீக்கம் பின்னாளில் வெடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நன்றாக இருக்கிறாரே என்று ஸ்கேனை நிறுத்திவிடும் குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ரிப்போர்ட்டில் எந்தத் தேதி ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். போன வருடத்தோடு மட்டும் ஒப்பிட்டால், வீக்கம் வருடம் 2 மி.மீ. வளர்வது அளவெடுப்பதில் வரும் வித்தியாசம் போலவே தெரியும். ஸ்டென்ட் வைத்த பின் எடுத்த முதல் ஸ்கேனோடு ஒப்பிடச் சொல்லுங்கள். அதிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். தேவைப்பட்டால் மெல்லிய குழாய் செலுத்தி அந்தக் கிளையை அடைத்துவிடலாம். ஜோகன்னஸ்பர்க் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. முதல் ஸ்கேன் உட்பட எல்லாப் படங்களையும் டிஸ்க்கில் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.

டை விஷயத்தில் அப்பாவின் பயம் நியாயமானதே. அளவு கூடாதவரை டாப்ளர் அல்ட்ராசவுண்டிலேயே வருடா வருடம் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கு டை வேண்டாம். டை இல்லாத சி.டி.யிலும் வீக்கத்தின் அளவு தெரியும், கசிவுதான் தெரியாது. டை போட்டே ஆக வேண்டுமென்றால் கிரியாட்டினினை முன்கூட்டியே சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

காவடி? அலகு மட்டும் வேண்டாம். தோலில் நுழையும் கிருமி ரத்தம் வழியாகத் துணிக்குழாயில் தங்கிவிட்டால் அதைத் தீர்ப்பது பெரும்பாடு. டாக்டர் சரி என்றால் சின்னப் பால்குடம் எடுக்கட்டும். ஆனால் டர்பன் வெயிலில் தண்ணீர் குடிக்காமல், பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு விரதம் இருக்கக் கூடாது.

திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ கடும் வலி, மயக்கம், ஒரு கால் சில்லிட்டு மரத்துப்போவது – இதில் எது வந்தாலும் உடனே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். விடாத காய்ச்சல் என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். எங்கே போனாலும் வயிற்றுத் தமனியில் ஸ்டென்ட் இருக்கிறது என்று முதலிலேயே சொல்ல அண்ணனிடம் சொல்லிவையுங்கள். வெறுமனே ஸ்டென்ட் என்றால் இதயத்தில் என்று நினைத்துவிடுவார்கள்.