ஸ்பெக் எந்தக் கோப்பில் இருக்க வேண்டும்?

கேள்வி: க்ளோஷர் என்ற நிரல்மொழியில், பிறர் எடுத்துப் பயன்படுத்த ஒரு சின்ன லைப்ரரியை வெளியிடப் போகிறேன், ஏழெட்டு ஃபங்ஷன்கள்தான். உள்ளீட்டைச் சரிபார்க்கும் ஸ்பெக்குகளை அதே கோப்பில் வைப்பதா, தனிக் கோப்பிலா, தனி லைப்ரரியாகவா?

பதில்: தனி லைப்ரரி வேண்டாம். 2017 டிசம்பரில் க்ளோஷர் 1.9-உடன் ஸ்பெக் வந்தபோது, 1.8-இல் இருந்தவர்களுக்காகப் பிரித்து வெளியிட ஒரு நியாயம் இருந்தது. இன்று பிரித்தால் இரண்டின் பதிப்பு எண்களும் விலகிப்போய், புதிய ஃபங்ஷனைப் பழைய ஸ்பெக் சோதிக்கும் தொல்லைதான் மிச்சம்.

ஒரே ஜாருக்குள் (லைப்ரரியை வெளியிடும் பொதிக் கோப்பு) தனிக் கோப்பு என்பதே என் தேர்வு. ஆனால் அந்தக் கோப்பை லோடு செய்தால்தான் ஸ்பெக்குகள் பதிவாகும். இதை ரீட்மீயில் மேலேயே எழுதிவிடுங்கள். மேக்ரோவுக்கான (ஓடும் முன்பே வேறு நிரலாக விரியும் துண்டு) ஸ்பெக் மட்டும் மேக்ரோ இருக்கும் கோப்பிலேயே இருக்கட்டும். மேக்ரோ விரியும்போதே அது சரிபார்க்கப்படுவதால், பயனர் எதுவும் செய்யாமலே பலன் கிடைக்கும்.

கோப்பைவிட எனக்குப் பெரிய கவலை, பெயர். ஸ்பெக்குக்குப் பெயராக வைப்பது ஒரு கீவேர்டு. இரட்டை முக்காற்புள்ளி போட்டு எழுதும் கீவேர்டு, அது இருக்கும் நேம்ஸ்பேஸின் (கோப்பிலுள்ள நிரலுக்கான பெயர்வெளி) பெயரை எடுத்துக்கொள்ளும். நாளைக்கு ஸ்பெக்கை வேறு கோப்புக்கு நகர்த்தினால் பெயரும் மாறும். அந்தப் பெயரைத் தன் மேப்பில் (சாவி-மதிப்பு இணைகளின் தொகுப்பு) சாவியாக வைத்திருப்பவரின் நிரல் உடையும். சில சமயம் உடையாமல், சரிபார்ப்பு மட்டும் சத்தமில்லாமல் நின்றுபோகும். அதுதான் மோசம். வெளியாருக்கான கீவேர்டுகளுக்கு லைப்ரரியின் பெயரை முன்னொட்டாக முழுதாக எழுதுங்கள். அப்புறம் கோப்பை எங்கே நகர்த்தினாலும் பெயர் நிற்கும். வெறுமனே 'யூசர்' என்பது போன்ற முன்னொட்டும் ஆபத்து. ஸ்பெக் பதிவேடு நிரல் முழுவதற்கும் ஒன்றுதான், இரண்டு லைப்ரரிகள் ஒரே பெயரைப் பதிந்தால் கடைசியாக வந்ததே செல்லும்.

ஃபங்ஷனை அழைக்கும்போதெல்லாம் உள்ளீட்டை ஸ்பெக்குடன் ஒப்பிடவைக்கும் இன்ஸ்ட்ருமென்ட்டை லைப்ரரிக்குள் அழைக்காதீர்கள். அதைப் பயனர் தன் டெஸ்ட்டில் போட்டுக்கொள்வார். சோதனைக்கான உள்ளீடுகளைத் தானே உருவாக்கும் டெஸ்ட்.செக் லைப்ரரியை ஸ்பெக் கோப்பில் நேரடியாக ரிக்வயர் செய்ய வேண்டாம், ஸ்பெக்கின் சொந்த ஜெனரேட்டர் நேம்ஸ்பேஸ் அதைத் தேவைப்படும்போது மட்டும் இழுத்துக்கொள்ளும்.

வெளியிடும் முன், ஜாரை ஒரு காலி ப்ராஜெக்ட்டில் சேர்த்து ஸ்பெக் கோப்பை மட்டும் லோடு செய்து பாருங்கள். உங்கள் கணினியில் தற்செயலாக இருந்த டிபென்டன்சி (உங்கள் லைப்ரரிக்குத் தேவையான வேறு லைப்ரரி) ஏதாவது விட்டுப்போயிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.