மண்டோரு மக வேளாண் பொருளாதாரம் படிச்சா வேலை கிடைக்குமா?

சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துலேந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. மக எஸ்டிபிஎம் (யூனிவர்சிட்டிக்கு முந்தின பரீட்சை) முடிக்கப் போறாளாம், எக்கனாமிக்ஸும் மேத்ஸும் எடுத்திருக்கா, வேளாண் பொருளாதார நிபுணரா வரணும்னு ஆசையாம். வீட்டுக்காரரு செம்பனைத் தோட்டத்துல மண்டோரு, அதாவது ஆளுங்கள மேய்க்கிற கங்காணி. "எங்கப்பா ரப்பர் பால் வெட்டுனாரு, நான் குலை எண்றேன், நீயும் படிச்சிட்டு தோட்டத்துக்கேவா"ன்னு கோவிச்சுக்கிறாராம்.

அக்கா, அண்ணன்கிட்ட முதல்ல இத சொல்லுங்க, இது தோட்டத்துல வெயில்ல நிக்கிற வேலை இல்ல. குலைக்கு ஏன் இந்த விலை, உரம் ஏறுனா யாரு தலையில விழும், பழைய மரத்த இப்பவே சாய்க்கலாமா ரெண்டு வருஷம் விட்டுப் பாக்கலாமா, இதையெல்லாம் கணக்கு போட்டு சொல்ற வேலை. அவரு தினம் பாக்குற சங்கதிதான், ஆனா மேசைக்கு அந்தப் பக்கம்.

சும்மா ஒரு ரவுண்டு நம்பர் வச்சுப் பாப்போம். செம்பனை எண்ணெய் டன்னு 4,000 வெள்ளி (ரிங்கிட்)ன்னு வைங்க. குலையில எண்ணெய் 20 விழுக்காடுன்னா ஒரு டன் குலையில 200 கிலோ, அதாவது 800 வெள்ளி. குலை வாங்குற டீலரு பாத்துட்டு "பழுக்காத காய் நிறைய இருக்கு"ன்னு 18 விழுக்காடு போட்டா 720 தான். மில்லு செலவு, கொட்டைக்குள்ள இருக்கற பருப்புக்கு வர்ற காசெல்லாம் தனி, ஆனா அந்த 80 வெள்ளி சின்னத் தோட்டக்காரன் கையிலேந்துதான் போவுது. குலை உண்மையிலேயே காயா, இல்ல அந்த ஏரியாவுல ஒரே ஒரு டீலரு இருக்கறதால அவரு வச்சதுதான் விலையா? வெட்டுன குலைய 24 மணி நேரத்துக்குள்ள மில்லுக்கு ஏத்தணும், நேரமாச்சுன்னா எண்ணெயில அமிலம் ஏறிடும், அதனால பேரம் பேச நேரமே இல்ல. இதைக் களத்துல கேட்டு, டேட்டா எடுத்து, நிரூபிச்சுக் காட்டறவங்கதான் இவங்க. 2022 ஏப்ரல் கடைசியில இந்தோனேசியா எண்ணெய் ஏற்றுமதிய நிறுத்தி ஒரு மாசம் ஆகறதுக்குள்ள திறந்து விட்டுச்சே, அந்த மாதிரி நேரத்துல நம்ம ஊரு விலை எந்தப் பக்கம் போவும்னு கேட்டா இவங்களத்தான் கேப்பாங்க.

படிப்புன்னா செர்டாங்ல இருக்கற யூபிஎம் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்) தான் முதல்ல நினைவுக்கு வரும். 1931-ல விவசாயப் பள்ளியா ஆரம்பிச்ச இடம், அங்க விவசாய ஃபாக்கல்டியில பெர்னியாகான் தானி (விவசாய வணிகம்) படிப்பு இருக்கு, மேல போனா வேளாண் பொருளாதாரத்துல மாஸ்டர்ஸ். இன்னொரு வழியும் இருக்கு, சாதாரண எக்கனாமிக்ஸ் டிகிரி எடுத்துட்டு மாஸ்டர்ஸ்ல இந்தப் பக்கம் திரும்பறது. என்னைக் கேட்டா அவளுக்கு மேத்ஸ் நல்லா வருதுன்னா ரெண்டாவதும் மோசமில்ல, எக்கனாமெட்ரிக்ஸ் (புள்ளிவிவரத்த வச்சுப் பொருளாதாரத்த அளக்கற கணக்கு) பலமா இருக்கறவங்கள யாரும் வேணாம்னு சொல்றதில்ல. மேத்ஸ்ன்னா ஓடுவான்னா மட்டும் வேணாம்க்கா, பேர பாத்து ஏமாந்துடக் கூடாது.

வேலை விளம்பரத்துல "வேளாண் பொருளாதார நிபுணர்"ங்கற பேரு அதிகம் வராது, அத தேடிட்டு வேலையே இல்லன்னு சொல்லிடாதீங்க. பெகாவாய் பெஞெலிடிக் (ஆராய்ச்சி அதிகாரி), அனலிஸ்ட், ரிசர்ச் எக்ஸிகியூட்டிவ்னு வேற வேற பேருல வரும். பாங்கி ஊர்ல இருக்கற எம்பிஓபி (செம்பனை எண்ணெய் வாரியம்), மார்டி (விவசாய ஆராய்ச்சி நிலையம்), ஃபாமா (விவசாயச் சந்தை வாரியம்), விவசாய அமைச்சு, அக்ரோபேங்க், பெரிய தோட்டக் கம்பெனி, அப்புறம் புர்சா (பங்குச் சந்தை) பக்கம் செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ் (முன்கூட்டியே விலை பேசற வியாபாரம்) பாக்குற புரோக்கர் கம்பெனிங்க. அரசாங்க வேலைன்னா எஸ்பிஏ (பொதுச் சேவை ஆணையம்) வழியா, பொறுமை வேணும் லா. ஆராய்ச்சிக்குப் போகணும்னா மாஸ்டர்ஸ் இல்லாம கஷ்டம், அதையும் சேத்து வருஷத்த எண்ணிக்குங்க. பிடிபிடிஎன் (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன் வாங்குனா திருப்பிக் கட்டணும்ங்கறதும் மனசுல இருக்கட்டும்.

இப்பலேந்தே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. எம்பிஓபி மாசாமாசம் 10-ஆம் தேதி வாக்குல எண்ணெய் ஸ்டாக் எவ்வளவுன்னு கணக்கு விடுவாங்க. அத எக்ஸெல்ல போட்டு, அப்பா தோட்டத்துல அந்த மாசம் குலை எப்படி இறங்குச்சுன்னு அவர்கிட்டயே கேட்டுப் பக்கத்துல எழுதச் சொல்லுங்க, மழை, ஆள் பத்தல, உரம் லேட்டு, எல்லாத்தையும். நாளைக்கு இன்டர்வியூவுல பேச அவளுக்கு சொந்த சரக்கு இருக்கும், இத டவுன்ல வளந்த புள்ளைங்க சொல்ல முடியாது.

யூபியூ-ல (அரசாங்க யூனிவர்சிட்டிக்கு விண்ணப்பம் போடற இடம்) போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படிப்புலயும் எக்கனாமெட்ரிக்ஸ் எத்தனை செமஸ்டர், இன்டர்ன்ஷிப் எங்க அனுப்புறாங்கன்னு ஃபாக்கல்டிக்கே போன் போட்டு கேட்டுடுங்க. மலாய்ல நல்லா பேசுவாள்ல, அவளையே கேக்கச் சொல்லுங்க.